வைண்டிங் நோட்டில் உள்ள தண்ணீர்

தெற்கே கெடிலம், வடக்கே பெண்ணையாறு. இரண்டுக்கும் நடுவில் கடலூர்–பண்ருட்டி சாலையில் இருக்கிறது எங்கள் மேல்பட்டாம்பாக்கம். ஊரைப் பற்றி எழுத வருகிறவர்கள் டேனிஷ் மிஷனைப் பற்றி எழுதுவார்கள், பக்கத்து நெல்லிக்குப்பத்தின் சர்க்கரை ஆலையைப் பற்றி எழுதுவார்கள், விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை போகும் ரயில் பாதையைச் சொல்வார்கள். மோட்டார் கொட்டாயைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைத்தவன் நான். அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

மோட்டாருக்கு முன்னால் இங்கே ஏற்றமும், மாடு பூட்டி இறைக்கும் கவலையும்தான். ஓர் ஆள் நாள் முழுக்க ஓயாமல் செய்யக்கூடிய வேலையை வாட்டில் சொன்னால் சுமார் 75 வரும், அதாவது ஒரு குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு. ஏற்றம் இறைத்தவர்கள் பாடிக்கொண்டே சால்களை எண்ணினார்கள். இத்தனை சாலுக்கு இத்தனை பாத்தி என்பது வாய்க்கணக்கு. அந்தக் காலத்தில் தண்ணீரை அளந்தது பாட்டு என்று சொன்னால் மிகையில்லை. பிறகு ஆயில் இன்ஜின் வந்தது. அதன் பின்னாலேயே கரண்டும் வந்தது.

சென்னை மாகாணத்தில் அரசு மின்சாரத் துறை 1927இல் ஏற்பட்டது. பைக்காரா நீர்மின் நிலையம் 1930களின் தொடக்கத்திலும், மேட்டூர் 1937இலும் ஓடத் தொடங்கின. அதே 1937இல்தான் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து, இந்தியாவில் செய்த முதல் மோட்டார் என்று சொல்லப்படுவதைச் செய்தார்கள். எங்கள் தென்னார்க்காட்டில் கரண்டைப் பகிர்ந்து கொடுத்தது முதலில் ஒரு தனியார் கம்பெனி. பெயர் சவுத் ஆர்க்காடு எலக்ட்ரிசிட்டி டிஸ்ட்ரிபியூஷன் கம்பெனி. 1957 ஜூலை 1ஆம் தேதி மின்சார வாரியம் பிறந்தது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிற வரலாறு, இதற்கு மேல் நீட்ட வேண்டியதில்லை.

நெய்வேலியை அப்படிக் கடந்துபோக முடியாது. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போட்டபோது மண்ணோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பதிலிருந்து தொடங்குகிற கதை அது. நிலக்கரி நிறுவனம் 1956இல் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் இயந்திரம் ஓடியது. பண்ருட்டியைத் தாண்டினால் நெய்வேலி. கரண்டு இவ்வளவு கிட்டத்தில் பிறந்தும் எங்கள் கழனிக்கு வந்து சேரும்போது அது இளைத்துப்போய் வந்த கதையைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அந்த அழுத்தத்தை இறக்காமல் சுரங்கம் தோண்ட முடியாது. அதனால் முதலிலிருந்தே இரவு பகலாக அங்கே நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் போர் போட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வழிந்தது. பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீர் கீழே போனதற்குச் சுரங்கம்தான் காரணம் என்று விவசாயிகள் சொல்வார்கள். ஊருக்கு ஊர் போர் போட்டு உறிஞ்சியதுதான் காரணம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அந்த வழக்கைத் தீர்க்கிற இடம் என் கடை இல்லை. ஆனால் நீர் இறங்கியதை நான் மோட்டாரில் பார்த்தேன்.

எப்படி என்றால், கணக்கு எளிது. நிமிடத்துக்கு 300 லிட்டர், அதாவது வினாடிக்கு 5 லிட்டர் தண்ணீரை 6 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்க 294 வாட் போதும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து நூற்றுக்கு நாற்பதுதான் உருப்படியாகத் தருகிறது என்று வைத்தால், கம்பியிலிருந்து 736 வாட் இழுக்கும். ஏறக்குறைய ஒரு எச்.பி. அதே தண்ணீரை 60 மீட்டரிலிருந்து தூக்கப் பத்து எச்.பி. வேண்டும். வாய்க்காலில் விழுகிற தண்ணீர் ஒரு சொட்டு கூடக் கூடவில்லை, மோட்டார் மட்டும் பத்து மடங்கு ஆகிறது. ஜேம்ஸ் வாட் குதிரையை வைத்து அளந்த திறனுக்கு இன்று 746 வாட் என்று பெயர். அந்தக் குதிரையை நாங்கள் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழரை, பத்து என்று கட்டிக்கொண்டே போனோம்.

கிணற்று மேட்டில் உட்கார்ந்த பம்பு உறிஞ்சி இழுக்கக்கூடியது நடைமுறையில் ஏழெட்டு மீட்டர்தான். காற்றின் அழுத்தம் அதற்கு மேல் ஒத்துழைக்காது. நீர் அதற்குக் கீழே போனதும் கிணற்றுக்குள்ளேயே திட்டு கட்டி மோட்டாரை இறக்கினார்கள். மழையில் கிணறு நிரம்பினால் மோட்டார் முழுகும். முழுகிய மோட்டாரை மாட்டு வண்டியில் போட்டு என்னிடம் கொண்டுவருவார்கள். அப்புறம் கம்ப்ரஸர் வந்தது, அதற்கப்புறம் சப்மெர்சிபிள். கடைசியில் மோட்டார் தானே தண்ணீருக்குள் போய்விட்டது. எனாமல் வயர் கட்டிப் பழகிய கை, பிளாஸ்டிக் உறை போட்ட வயருக்குப் பழக வேண்டியிருந்தது.

இனி கரண்டு விலையின் கதை. முதலில் மீட்டர் இருந்தது, யூனிட்டுக்கு இத்தனை பைசா என்று கணக்கு. 1970இல் அந்த விலையை உயர்த்தியதை எதிர்த்து, விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் பின்னால் கோவைப் பக்கத்து விவசாயிகள் திரண்டார்கள். ஜூன் 19ஆம் தேதி பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று பேர் இறந்தார்கள். 1972இல் கோவை நகரத்துத் தெருக்களை மாட்டு வண்டிகள் அடைத்தன. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவசம் என்றது. மற்றவர்களுக்கு மீட்டரைப் பார்க்காமல், மோட்டார் எத்தனை எச்.பி. என்று பார்த்து வருடத்துக்கு ஒரு தொகை. 1989இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் ஆக்கியது. 2003இல் ஜெயலலிதா அரசு அதை நிறுத்திப் பார்த்துவிட்டு, 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு திரும்பக் கொடுத்தது. இலவசம் சரியா தப்பா என்று டீக்கடையில் பேசி முடியாது. கடனில் மூழ்கியவனுக்கு அது கை கொடுத்தது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அதோடு ஒரு பழக்கம் போய்விட்டது. மீட்டர் ஓடியவரை விவசாயிக்குத் தன் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்திருந்தது. மீட்டர் போனதும் அந்த எண் வைண்டிங் கடைக்காரன் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த ரகசியமாகிவிட்டது.

எச்.பி.க்குக் காசு என்று வந்ததும் மோட்டார் பிளேட்டில் எச்.பி. இளைக்கத் தொடங்கியது. ஐந்து என்று பொறித்திருக்கும். உள்ளே சுற்றைக் குறைத்து, கேஜைக் கனமாக்கிக் கட்டியிருக்கும், இழுப்பது ஏழரை மோட்டாருக்குச் சமமாக இருக்கும். "என்னா மேஸ்திரி, பிளேட்டு அப்படியே இருக்கட்டும், உள்ள கொஞ்சம் தடிமனா கட்டிடுங்க" என்று கேட்டு வருவார்கள். கண்டுபிடிக்க வழி ஒன்றுதான்: டாங் டெஸ்டர். ஓடுகிற மோட்டாரின் ஒரு வயரை அதன் தாடைக்குள் விட்டால் ஆம்பியரைச் சொல்லிவிடும். 400 வோல்ட்டில் 11 ஆம்பியர் காட்டுகிறது என்று வையுங்கள். மூன்று பேஸ் என்பதால் 1.732ஆல் பெருக்கி, பவர் ஃபேக்டர் 0.85 என்று எடுத்தால் 6,478 வாட். மோட்டார் அதில் நூற்றுக்கு எண்பதைத் தண்டுக்குத் தந்தால் 5,182 வாட். 746ஆல் வகுத்தால் ஏழு எச்.பி.க்குக் கொஞ்சம் கீழே. பிளேட்டு பொய் சொல்லலாம், ஆம்பியர் சொல்லாது. இவ்வளவு கணக்குப் போட நேரமில்லாத வயர்மேன்கள் ஒரு எச்.பி.க்கு ஒன்றரை ஆம்பியர் என்று மனதில் வைத்திருப்பார்கள். அஞ்சுக்கு ஏழரை. அது பெரும்பாலும் சரியாகவே வரும், வோல்ட்டேஜ் சரியாக இருந்தால்.

வோல்ட்டேஜ் சரியாக இருந்த காலம் குறைவு. இங்கேதான் கரண்டு இளைத்துப்போன கதை. ஒரு டிரான்ஸ்பார்மரில் அளவுக்கு மேல் மோட்டார்கள், அதிலிருந்து கொல்லை கொல்லையாக நீண்டுபோகும் கம்பி. கம்பிக்கும் ரெசிஸ்டன்ஸ் உண்டு. அரை ஓம் உள்ள கம்பியில் 100 ஆம்பியர் போனால் 50 வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும். டிரான்ஸ்பார்மரை ஒட்டின கழனியில் 400 இருக்கும், வால்பக்கத்துக் கழனியில் 320தான் இருக்கும். கரும்பு, நெல், எதுவானாலும் மூன்று பேஸ் வருகிற அதே நேரத்தில்தான் எல்லாரும் போடுவார்கள். போடப் போட இன்னும் இறங்கும்.

மோட்டாரின் குணம் என்னவென்றால், வோல்ட்டேஜ் குறைந்தால் அது வேலையைக் குறைத்துக்கொள்ளாது. அதே தண்ணீரைத் தூக்க வேண்டும் என்பதால் ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும். 415 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர் இழுத்த மோட்டார், பவர் ஃபேக்டர் மாறாது என்று வைத்தாலும், 320இல் 9.7 இழுக்கும். ஆம்பியர் கூடியது முப்பது சதவீதம்தான். ஆனால் காயிலில் எழும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. 9.7ஐ 7.5ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள்: சுமார் 1.7 மடங்கு சூடு. வார்னிஷ் கருகும், ஒரு சுற்று இன்னொரு சுற்றைத் தொடும், கொட்டாயிலிருந்து புகை வரும். இந்த வர்க்கக் கணக்கை 1840களின் தொடக்கத்தில் எழுதி வைத்தவர் ஜூல், இங்கிலாந்தில் பீர் காய்ச்சும் ஆலைக்காரரின் மகன். எங்கள் பக்கத்து வைண்டிங் கடைகள் எல்லாம் அவர் விதியில்தான் சோறு தின்றன. ஓவர்லோடு ரிலே இருந்தால் மோட்டாரை நிறுத்தியிருக்கும். அது அடிக்கடி விழுகிறதே என்று அதில் குச்சியைச் செருகி வைப்பவர்களை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மூன்று பேஸ் கரண்டு நாலு மணி நேரம்தான், கரும்பு காய்கிறது.

மூன்று பேஸ் இல்லாத நேரத்தில் இரண்டு பேஸில் கெப்பாசிட்டர் போட்டு ஓட்டுவது அடுத்து வந்த வித்தை. அதிலும் ஒரு பேஸ் தாங்க முடியாமல் கொதிக்கும். பிரித்துப் பார்த்தால் மூன்றில் ஒரு செட் காயில் மட்டும் கரியாக இருக்கும். எந்த வித்தையால் எரிந்தது என்று கருகிய இடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இப்போது கடைக்குள் வாருங்கள். மோட்டாரைத் திறந்து, கருகிய காயிலை வெட்டி எடுக்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. 12 வோல்ட் பேட்டரி, வரிசையில் ஓர் ஆம்பியர் மீட்டர், காயிலின் இரு முனையில் வோல்ட் மீட்டர். ஐந்து எச்.பி. மோட்டாரின் ஒரு பேஸில் 12 வோல்ட் கொடுத்து 3 ஆம்பியர் ஓடினால் 4 ஓம். இரண்டாவது பேஸும் 4. மூன்றாவதில் ஆம்பியர் 3.75க்கு ஏறினால் 3.2 ஓம், அதற்குள் சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத பழுதை வகுத்தல் கணக்கு காட்டிக் கொடுக்கிறது. இதைச் செய்து காட்டினால் ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன்கள்கூட ஒரு கணம் வாயடைத்துப் போவார்கள்.

அவர்கள் அடுத்து ஒரு கேள்வி கேட்பார்கள். "ஓடும்போது 415 வோல்ட், ஒரு பேஸ் காயிலில் 4.33 ஆம்பியர். வகுத்தா 96 ஓம் வருதே மாமா, நீங்க 4னு சொல்றீங்க?" நல்ல கேள்வி. சுழல்கிற மோட்டார் வெறும் கம்பி இல்லை. உள்ளே காந்தப்புலம் சுற்றும்போது கொடுத்த வோல்ட்டேஜுக்கு எதிராகக் காயிலிலேயே ஒரு வோல்ட்டேஜ் பிறக்கிறது. ஆம்பியரைக் கட்டுக்குள் வைத்திருப்பது பெரும்பாலும் அதுதான். கம்பியின் சொந்த ரெசிஸ்டன்ஸ் 4 ஓம், பேட்டரியில்தான் அது தனியாகத் தெரியும். இந்த வேறுபாடு தெரியாமல் காயில் கட்டலாம், மோட்டார் ஏன் எரிந்தது என்று சொல்ல முடியாது. எங்கள் மண்ணில் போரில் மணல் ஏறும். மணலில் பம்பு சிக்கி ரோட்டார் நின்றுவிட்டால் அந்த எதிர்ப்பு வோல்ட்டேஜ் சரிந்துவிடும், ஆம்பியர் ஐந்தாறு மடங்கு பாயும், அதன் வர்க்கம் முப்பது மடங்கு சூடு. ரிலேயில் குச்சி இருந்தால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது.

இன்னொன்று, அதே பேட்டரியையும் மீட்டர்களையும் வைத்து, வேறு எந்தக் கருவியும் இல்லாமல் காயிலின் சூட்டையும் அளக்கலாம். தாமிரம் ஒரு டிகிரி ஏறினால் அதன் ரெசிஸ்டன்ஸ் நூற்றுக்கு 0.39 கூடும். காலையில் 30 டிகிரியில் 4 ஓம் காட்டிய காயில், ஓடி நின்றதும் 4.9 காட்டினால் உள்ளே 90 டிகிரி. தொட்டுப் பார்த்துச் சொல்கிறவர்கள் மேலோட்டின் சூட்டைத்தான் சொல்கிறார்கள்.

கட்டி முடித்த பிறகு மெக்கர். கையால் சுற்றினால் 500 வோல்ட் பிறக்கும். காயிலுக்கும் இரும்புக்கும் நடுவில் கசிகிற கரண்டைப் பார்த்து மெக்ஓம் என்று சொல்லும். ஒரு மெக்ஓம் என்றால் அரை மில்லி ஆம்பியர் கசிவு. இதுவும் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்ததுதான். எல்லாவற்றுக்கும் மூலமான அந்த விதியை 1827இல் புத்தகமாகப் போட்ட கியோர்க் ஓம் கொலோன் நகரத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பூட்டுச் செய்கிறவரின் மகன். அவர் ஊரில் முதலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் மரியாதை வந்தது. கைத்தொழில் வீட்டுப் பிள்ளை என்பதால் எனக்கு அந்த மனிதர்மேல் தனிப் பிரியம்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை எல்லாரும் எழுதிவிட்டார்கள். கம்பங்களும் சாய்ந்தன. வீட்டுக்குக் கரண்டு வந்து வெகு நாளைக்குப் பிறகுதான் கழனிக்கு வந்தது. வந்ததும் என் கடை வாசலில் கூட்டம். "மோட்டார் ஓடுது, தண்ணி வரல" என்று ஒரே மாதிரிப் புகார். கம்பியைத் திரும்ப இழுத்துக் கட்டியபோது பேஸ் வரிசை மாறி, மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டரில் ஏதாவது இரண்டு வயரை மாற்றிப் போட்டால் போதும். கடையைச் சாத்திவிட்டுக் கொல்லை கொல்லையாகப் போய் அதைச் செய்து கொடுத்தேன். அந்த மாதத்தைப்போல் எளிதான வேலை என் தொழிலில் வந்ததே இல்லை.

இதையெல்லாம் எதை வைத்துச் சொல்கிறேன் என்றால், நோட்டை வைத்து. காயில் கட்டுகிற ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டு இருக்கும். தேதி, ஊர், மோட்டார் கம்பெனி, எச்.பி., எத்தனை ஸ்லாட், எத்தனை சுற்று, எந்தக் கேஜ், தாமிரம் எத்தனை கிலோ, கட்டிய பின் எத்தனை ஓம், ஓடும்போது எத்தனை வோல்ட்டில் எத்தனை ஆம்பியர். சப்மெர்சிபிள் வந்த பிறகு போர் எத்தனை அடி என்பதும் சேர்ந்தது. அடுத்த முறை அதே மோட்டார் வந்தால் சுற்று எண்ண வேண்டாமே என்று எழுதி வைத்தது. என்னுடைய பழைய நோட்டுகளில் மூன்றும் ஐந்தும்தான் நிறைய. நோட்டு புதிதாகப் புதிதாக ஏழரை, பத்து, பன்னிரண்டரை. ஊர்ப் பெயர்களை வரிசையாக வைத்துப் படித்தால் எந்தப் பக்கம் முதலில் நீர் இறங்கியது, எந்த வருடம் வோல்ட்டேஜ் படுத்தது, எங்கே டிரான்ஸ்பார்மர் வைத்த பிறகு மோட்டார் எரிவது குறைந்தது என்று தெரியும். தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேல் விவசாய மோட்டார்கள் இருக்கின்றன. மீட்டர் இல்லாமல் ஓடிய அந்த வருடங்களின் கணக்கு அரசிடம் மதிப்பீடாகத்தான் இருக்கிறது. அளந்து எழுதியது இந்த எண்ணெய்ப் பிசுக்கு நோட்டுகளில்.

இப்போது பழைய மோட்டாரைக் கட்டுவதைவிடப் புதிதாக வாங்குவது மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். சோலார் பம்பு வைத்தவர்களுக்கு வோல்ட்டும் ஆம்பியரும் வாட்டும் திரையிலேயே ஒளிர்கின்றன. என் வயதுக்காரர்களின் கடைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பண்ருட்டியிலும் நெல்லிக்குப்பத்திலும் கடலூரிலும் அப்பாவின் வைண்டிங் கடையைக் காலி செய்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன்: தாமிரத்தையும் இரும்பையும் எடைக்குப் போடுங்கள், நோட்டைப் போடாதீர்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நிலத்தடி நீரைப் பற்றிப் படிக்கிற பிள்ளை யாராவது உங்கள் வாசலுக்கு வந்து கேட்டால், போட்டோ எடுத்துக்கொள்ளவாவது கொடுங்கள். என் நோட்டுகள் மேல்பட்டாம்பாக்கத்தில்தான் இருக்கின்றன, எப்போது வந்தாலும் தருவேன்.